பவுனுக்குப் பூசின சாம்பல்

ஏனுங்கண்ணா, இந்த மண்டபத்துக்கு வாட்ச்மேன் நீங்கதானுங்களா? இல்லீங்க, மண்டபம் புக் பண்ண வர்லீங்க. ஆடி மாசத்துல ஆரு வந்து மண்டபம் கேப்பாங்க. நா ஒரு நாயத் தேடிட்டு வந்தனுங்க. பொட்டை நாயிங்க. செவலைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல ஒரு நெறம். வலது காது நுனி மடங்கி இருக்கும். வவுறு, கைச்சந்து, தொடையிடுக்கு, இங்கெல்லாம் முடி கொட்டிச் செவந்து கெடக்கும். பாத்தாச் சொறிநாயின்னு கல்லெடுத்துப் போடுவாங்க. சொறிநாய் இல்லீங்க அது. என்ற நாயிங்க. பேரு பவுனு.

ஒம்பது நாளாச்சுங்க. இங்கதான், இந்தக் கேட்டுக்கு முன்னாலதான் வழி தப்பிப் போச்சு.

சித்த உக்காந்துக்கட்டுங்களா? காலைல ஏழரை பஸ்ஸுக்குக் கோயமுத்தூர்ல ஏறுனவன். கிணத்துக்கடவுல எறங்கி காய் மார்க்கெட்டு, கறிக்கடை, மலைக்கோயிலு அடிவாரம், ஒரு எடம் பாக்கி இல்லாமக் கேட்டுப்போட்டனுங்க. ஒருத்தன் சொல்றான், வண்டி வந்து நாய் புடிச்சுட்டுப் போச்சுன்னு. இன்னொருத்தன் சொல்றான், முந்தாநேத்து ஒரு நாயி லாரில அடிபட்டுக் கெடந்துச்சு, ஆனா அது கறுப்புன்னு. கறுப்புன்னு அவன் சொன்னதும் எனக்குச் சந்தோசமாப் போச்சுங்க. அதும் ஆரோ சோறு போட்டு வளத்துனதுதானே. அதுக்குப் போயி சந்தோசப்படறேன் பாருங்க.

நா நாச்சிமுத்துங்க. இஸ்திரி போடறவன். ஒரு அபார்ட்மெண்டு வாசல்ல, புங்க மரத்தடியில என்ற வண்டி நிக்குது, பதினாறு வருசமா. நாப்பத்தெட்டு ஊட்டுத் துணி என்ற கையிலதான் தேயுது. என்ற சம்சாரம் துளசிமணி அதே அபார்ட்மெண்டுல மூணு ஊட்டுல சமையலு. புள்ளையக் கட்டிக் குடுத்தாச்சு. ஊட்டுல நானு, அவ, பவுனு, அவ்வளவுதான். பவுனுன்னு பேரு வெச்சது அவதான். குட்டியா இருக்கறப்ப மடியில போட்டுக்கிட்டு, "ஒரு குண்டுமணி பவுனு நீங்க வாங்கித் தர்லீல்ல, நானே தேடிக்கிட்டேன்"ன்னா. அவளுக்கு அப்பிடி வாயிங்க. 

நல்ல நாயிங்கண்ணா. சாதி நாயெல்லாம் இல்ல, ஆனா அறிவு. வண்டிக்கடியில ஒரு சாக்கு போட்டிருப்பேன், அதான் அதுக்கு எடம். நா மேல இஸ்திரிப் பொட்டி தேய்ப்பேன், அது கீழ படுத்திருக்கும். துணி மூட்டையத் தூக்கிட்டு மாடிக்குப் போறப்ப "இரு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நா திரும்பி வர்ற வரைக்கும் எந்திரிக்காது. மழை பேஞ்சாலும் எந்திரிக்காது. நாப்பத்தெட்டு ஊட்டுத் துணி தெறந்த வண்டியில கெடக்கும், ஒரு கர்ச்சீப்பு காணாமப் போனதில்லீங்க.

சித்திரையில சொறிய ஆரம்பிச்சுது. மொதல்ல வாலடியில. திரும்பித் திரும்பி அந்த எடத்தையே கடிக்கும். பொறவு காது, கழுத்து. பொழுதுக்கும் பின்னங்கால் தரையில அடிக்கற சத்தம் டப்பு டப்புன்னு கேட்டுட்டே இருக்கும். முடிய வெலக்கிப் பாத்தா டீத்தூளாட்டம் கருப்பாக் கெடக்குது. பாத்துட்டே இருக்கறேன், ஒன்னு சடக்குன்னு தாவி என்ற மணிக்கட்டுல உக்காருது. தெள்ளுப்பூச்சி. வெரல்ல நசுக்குனா நசுங்காதுங்க அந்தக் கெரகம், ரெண்டு நெகத்துக்கு நடுவுல வெச்சு நெரிக்கோணும்.

துளசிமணிதான் கெவர்மெண்டு கால்நடை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா. போனேன். டாக்டரம்மா சின்னப் புள்ளைங்க, என்ற மகள உட ரெண்டு வயசு கம்மியா இருக்கும். பேன் சீப்பு ஒன்ன எடுத்து வாலடியில சீவி, வந்த கருப்புத் தூளை நனைச்ச பஞ்சுல தட்டுனாங்க. "சித்த நேரம் பாருங்க அண்ணா"ன்னாங்க. பாத்தா அந்தத் தூளச் சுத்திச் செகப்பாப் பரவுதுங்க. துணியில கறை எறங்குமே, அப்பிடி. "இது மண்ணில்ல, பூச்சி போட்ட கழிசல். உங்க நாய் ரத்தந்தான் இது. செவந்தாப் பூச்சி இருக்குது, செவக்கலைன்னா இல்ல. ஊட்டுலயே நீங்க பாத்துக்கலாம்"ன்னாங்க. கறையப் பத்தி எனக்கே சொல்லிக் குடுக்கறாங்க பாருன்னு நெனச்சேன். ஆனா அது எனக்குத் தெரியாத கறைதான்.

பொறவு கழுத்துக்குப் பின்னால முடிய வெலக்கி, ஒரு சின்னக் குழாய்ல இருந்து சொட்டு மருந்து உட்டாங்க. நாய் மேல இருக்கறது கொஞ்சந்தான், முட்டையும் புழுவுமெல்லாம் அது படுக்கற எடத்துலதான் கெடக்குது, அதனால சாக்கைக் கொதிக்கற தண்ணியில போட்டு வெய்யல்ல காய வைங்கன்னாங்க. அதை எனக்கா சொல்லித் தரோணும். சாக்கை வேக வெச்சு, வண்டிக்கடி மண்ணை வழிச்சு எறிஞ்சு, புது மண்ணு போட்டேன். அடுத்த மாசம் இன்னொரு சொட்டு, அது வரைக்கும் வேற எதையும் தடவாதீங்கன்னு சொல்லி அனுப்புனாங்க.

நீங்களே சொல்லுங்கண்ணா. கழுத்துல ரெண்டு சொட்டு உட்டா வாலுல இருக்கற பூச்சி எப்பிடிச் சாவும்? படிச்ச புள்ளைகளுக்கு ஒரு நோவுக்கு ஒரு மருந்துதான் தெரியும். நம்மளுக்கு நாலு தெரியுமுல்ல.

எங்க தொழில்ல சாம்பல்ல போகாத அழுக்கே கெடையாதுங்க. எங்கப்பன் காலத்துல சோப்பு ஏது, பவுடர் ஏது. சாம்பத்தண்ணியில ஊற வெச்சுத் தொவைச்சா எப்பேர்ப்பட்ட கறையும் ஓடிப் போயிரும். எனக்கும் பொட்டியில கொட்டாங்குச்சிக் கரி போடறதுல தெனம் ஒரு படி சாம்பலு விழுகுது. வெள்ளை வெளேர்னு சுத்தமான சாம்பலு. கோழிக்குப் பூச்சி புடிச்சாச் சாம்பல்லதான பொரட்டறோம், நாய்க்கு மட்டும் ஆகாமப் போயிருமா? மொதல்ல பொடியாத் தூவுனேன், ஒதறிப் போடுச்சு. அதனால ஒரு தகர டப்பாவுல தண்ணி ஊத்திக் கொழப்பி, ரெண்டு நாளு ஊற வெச்சு, கெட்டியாப் பூசி உட்டேன். துளசிமணி சமையலுக்குப் போனதுக்கப்பறம் காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அவகிட்டச் சொல்லலீங்க. மறைக்கோணும்னு இல்ல. டாக்டரம்மா சொன்னதுக்கு மேல ஒன்னும் பண்ணாதீங்கன்னு அவ மொதல்லயே சொல்லியிருந்தா, அதுக்குத்தான்.

அந்த நேரம் பாத்துத்தான் சந்திரமௌலி சாரு எறங்கி வந்தாரு. அவருதான் அபார்ட்மெண்டு செகரட்டரி. மூணாவது மாடி. அவரு பேரனுக்குக் கணுக்காலைச் சுத்திச் செகப்புச் செகப்பா தடிச்சிருக்குதாம். "நாச்சிமுத்து, உன் நாய்கிட்ட இருந்துதான் பூச்சி துணி மூட்டையில ஏறி வீட்டுக்குள்ள வருது"ன்னாரு. அத்தனை சூட்டுல பொட்டிய வெக்கறேன், எந்தப் பூச்சிங்க அதுல உசுரோட வரும்? ஆனா வாயத் தொறந்து சொல்லலீங்க. சொன்னா எதுத்துப் பேசறான்னு ஆகிப் போகும். வண்டி நிக்கற எடம் அவங்க எடம். அவங்க "எடு"ன்னா எடுக்கோணும். பதினாறு வருசம் நின்ன எடத்த உட்டா இந்த வயசுல எந்த மரத்தடியிலங்க போயி நிப்பேன்?

அதுலருந்து எனக்கு வெசனம் புடிச்சுக்கிச்சு. எப்பிடியும் சீக்கிரம் கொணமாக்கிப் போடோணும்னு, ரெண்டு வேளை பூசுனதை மூணு வேளை ஆக்குனேன். சாம்பலையும் இன்னும் கெட்டியாக் கொழப்புனேன். ஆனா பாருங்க, நாளுக்கு நாள் மோசந்தான் ஆச்சு. வவுத்துல முடி கொட்டுச்சு. கைச்சந்துல தோலு செவந்து, வெடிச்சு, தண்ணி வடியுது. வீச்சமும் வந்துருச்சு. அதுக்கும் அழிச்சாட்டியம் எச்சாயிருச்சு. நா டப்பாவக் கையில எடுத்தாப் போதும், ஓடிப் போயி காருக்கடியில பூந்துக்கும். நல்லதுக்குத்தான் பண்றமுன்னு அதுக்கெங்க தெரியும், புள்ளைகளே மருந்துக்கு ஓடுதுகளே. இழுத்துட்டு வந்து ரெண்டு முட்டிக்கும் நடுவுல நெருக்கிப் புடிச்சுப் பூசுவேன். கத்தும். கத்திக்கிட்டே என்ற கைய நக்கும். ஒரு நாளும் கடிக்கலீங்கண்ணா, ஒரே ஒரு நாள் கூடப் பல்லு படலீங்க.

ஆனி மாசத்துல அபார்ட்மெண்டுக்காரங்க கூட்டம் போட்டு, கை தூக்கச் சொன்னாங்களாம். முப்பத்தோரு கை தூக்குச்சுன்னு வந்து சொன்னாரு செகரட்டரி. எல்லாம் நா மடிச்சுக் குடுத்த சட்டைக் கையிதானுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒன்னு நாயி போகோணும், இல்லீன்னா வண்டி போகோணும்.

திங்கக்கெழமை பவுனத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனேன். நடக்க மாட்டேன்னுருச்சு, தோள் மேல போட்டுத்தான் தூக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா பாத்ததும் மொகம் மாறிப் போச்சு. திரும்பவும் சீப்பு, திரும்பவும் பஞ்சு. தூளைத் தட்டிட்டு ரெண்டு பேருமாப் பாத்துட்டு நிக்கறோம். செவக்கலீங்க. சாம்பக் கலரு அப்பிடியே கெடக்குது. "அண்ணா, பூச்சி ஒன்னு கூட இல்ல. போயே போச்சு. இது வேற. தோலுக்கு ஆகாதது என்னவோ படுது. ஏதாச்சும் தடவறீங்களா? எண்ணெய், மருந்து, மண்ணெண்ணெய், பினாயிலு?"ன்னு கேட்டாங்க. "ஒரு எண்ணெயும் இல்லீங்க, ஒரு மருந்தும் இல்லீங்க"ன்னேன். சத்தியமாச் சொன்னனுங்க. சாம்பலை ஆராச்சும் மருந்துன்னு சொல்லுவாங்களா? அடுப்புல அள்ளறது, பாத்திரம் தேய்க்கறது. "தூசியாட்டம் இருக்குதே"ன்னாங்க. "இஸ்திரி வண்டிக்கடியில படுக்குதுங்க, தூசி இருக்கத்தான செய்யும்"ன்னேன். சும்மா கெடந்தா ஆறிப் போகும், ஒரு வாரம் கழிச்சுக் கொண்டு வாங்கன்னு, தோலாறக் களிம்பு ஒன்னு எழுதிக் குடுத்தாங்க. பூச்சி இல்லீங்கறாங்க, நாயி செத்துட்டு இருக்குது. எனக்கு அவங்க மேல இருந்த நம்பிக்கையே போயிருச்சுங்க. வந்து டப்பாவத்தான் எடுத்தேன்.

எங்க உட்டேன்... வழி தப்பிருச்சுன்னு சொன்னேன், இல்லீங்களா. இல்லீங்கண்ணா. வழியெல்லாம் தப்பல. நாந்தானுங்க கொண்டாந்து உட்டேன்.

உங்க மொகத்தைப் பாத்துச் சொல்றேன், வேற வழி தெரியலீங்க எனக்கு. குப்புராசுன்னு ஒரு பையன், குட்டியானை வண்டி வெச்சிருக்கறான், இந்த மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்த வர்றவன். சனிக்கெழமை மத்தியானம் அவன் வண்டியில பின்னால பவுன ஏத்திட்டு நானும் ஏறுனேன். எங்க உடறதுன்னு வழி நெடுக்க யோசிச்சுட்டே வந்தேன். இந்த மண்டபத்து வாசல்ல வாழமரம் கட்டி, மைக்செட்டு பாடிட்டு இருந்துச்சு. ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம். பின்னால எச்செலை மலையாட்டம் கெடந்துச்சு. நிறுத்துடா குப்புராசுன்னேன். மண்டபத்துப் பக்கம் உட்டாச் சோத்துக்குப் பஞ்சமே இருக்காது, வாரம் ரெண்டு கல்யாணம் வருமே, ராணியாட்டம் இருக்கும்னு நெனச்சேன். நல்ல எடம் பாத்துத்தான் உட்டனுங்க. கண்ட எடத்துல உட்டுட்டுப் போகல.

எறக்கி உட்டேன். ஒரு எலையில சோறும் அப்பளமும் எடுத்தாந்து வெச்சேன். திங்கல, என்ற மொகத்தையே பாத்துட்டு நின்னுச்சு. வண்டி கௌம்புனா பின்னாலயே ஓடியாரும், ரோட்டுல லாரி வருது, அடிபட்டுப் போகும்னு ஒரு பயம். அதனால, கேட்டுக்கு வலது பக்கம் அந்தத் தூணு இருக்குதே, அங்க நிறுத்தி, "இரு"ன்னு சொன்னனுங்க.

உக்காந்துச்சு. அவ்வளவுதான். வண்டி மேட்டுல ஏறித் திரும்பற வரைக்கும் பாத்தேன். எந்திரிக்கலீங்க.

துளசிமணிகிட்டப் பொய் சொன்னேன். ஒரு தோட்டத்துக்காரரு ஆசைப்பட்டுக் கேட்டாரு, காவலுக்கு வேணும்னாரு, அங்க மண்ணுல பொரண்டாச் சொறி ஆறிப் போகும்னேன். அவ சாக்கை மட்டும் எடுத்து மடிச்சு வெச்சா.

ரெண்டு நாளு போச்சு. மூணாம் நாளு வண்டியில நின்னு தேய்ச்சுட்டு இருக்கறேன், மூட்டையில ஒரு பட்டுச்சேலை இல்லீங்க. வைகாசி, ஆனியில மூட்டைக்கு ரெண்டு பட்டாச்சும் இருக்கும், பொட்டிச் சூட்டைக் கொறச்சு, மேல துணி போட்டு, பாத்துப் பாத்துத் தேய்க்கோணும். என்னடா பட்டே வர்லையேன்னு யோசிச்சேன். அப்பத்தான் புரிஞ்சுது. ஆடி பொறக்குது. ஆடியில ஏதுங்க கல்யாணம்? கல்யாணம் இல்லீன்னா மண்டபத்துல ஏது சோறு? ஒரு மாசத்துக்குப் பூட்டிப் போடுவீங்களே. பதினாறு வருசமா ஆடி பொறந்தாப் பட்டு வராதுன்னு தெரிஞ்சவன், நாய உடறப்ப அது தோணலீங்க. பொட்டிய அப்பிடியே வெச்சுட்டு நின்னுட்டேன். ஒரு சட்டை காலர் கருகிப் போச்சு. அந்தச் சட்டைக்காரரு வஞ்சது கூடக் காதுல ஏறல.

அன்னிக்கே வந்திருக்கோணும். வர்லீங்க. வந்தா, பொய் சொன்னது தெரிஞ்சு போகும். தோட்டத்துல நல்லா இருக்குதுன்னு தெனம் அவகிட்டச் சொல்லிச் சொல்லி, எனக்கே பாதி நெசமாட்டம் ஆகிப் போச்சு.

இன்னொன்னும் நடந்துச்சு, கேளுங்க. செகரட்டரி ஊட்டுல இருந்து சோபா உறை தேய்க்க வந்துச்சு. அவங்க ஊட்டுல ஒரு வெள்ளைப் பூனை உண்டுங்க, வெலைக்கு வாங்குனது, மண்ணுல காலு வெக்காது. உறைய ஒதறுனேன், கருப்பாத் தூளு உழுகுது.  ஒரு வெள்ளைக் கர்ச்சீப்ப நனைச்சு அதுல தட்டுனேன். செவந்துச்சுங்கண்ணா. சொட்டுச் சொட்டாச் செவந்துச்சு. பவுனு போயி ஆறு நாளாச்சு, அந்தப் பேரனுக்கு இன்னும் காலு தடிச்சுட்டுத்தான் இருக்குது. பூச்சி இருந்தது அவங்க சோபாவுல. தப்பெல்லாம் அந்தப் பூனை மேல. அதுகிட்ட இருந்துதான் என்ற பவுனுக்கே வந்திருக்கோணும். நா என்னங்க பண்ணுனேன், நாம் பண்ணுனதெல்லாம் மருந்து தேடுனது ஒன்னுதான்.

இப்பிடித்தான் நேத்து வரைக்கும் சொல்லிட்டு இருந்தேன்.

நேத்து மத்தியானம் துளசிமணி வண்டிக்கடியக் கூட்டிட்டு இருந்தா. அந்தத் தகர டப்பா அவ கையில மாட்டுச்சு. உள்ள கொழம்பாட்டம் இருந்ததை என்னமோ ஏதோன்னு கையாலயே வழிச்சு எறிஞ்சா. சித்த நேரத்துல எரியுது எரியுதுன்னு கொழாய்க்கு ஓடுறா. காய் நறுக்கி வெரல்ல சின்னச் சின்னக் கீறல் இருந்திருக்குது, அதுல பட்டுருச்சு. கையக் கழுவிட்டு வந்து கேட்டா, "இது என்னது"ன்னு. "சாம்பலு"ன்னேன். "எதுக்கு ஊற வெச்சிருக்குது"ன்னா. "பவுனுக்குப் பூசத்தான்"ன்னேன். "எத்தன நாளா?" "ரெண்டு மாசமா."

அவ என்னைப் பாத்த பார்வைய என்னத்தச் சொல்றதுங்க. இருவத்தேழு வருசத்துல என்னைய அவ நீன்னு சொன்னதில்ல. "உங்கப்பன் சாம்பத்தண்ணியில கைய வெச்சு வெச்சு, வெரலெல்லாம் தோலுரிஞ்சு, சோத்தைப் பெசைஞ்சு திங்க முடியாம உங்கம்மா ஊட்டி உட்டது நீ பாக்கலியா? நீதான எனக்குச் சொன்ன? முரட்டுத் துணியில இருக்கற கறையையே திங்கற தண்ணி, வாயில்லாச் சீவனோட வவுத்துல பூசுனா அது என்ன பண்ணும்?" அப்பிடீன்னா.

நாந்தானுங்க சொன்னேன் அவளுக்கு. கல்யாணமான புதுசுல நாந்தான் சொன்னேன். எங்கப்பன் கையி வெள்ளையா வெந்து போயி, வெரல் சந்தெல்லாம் வெடிச்சு இருக்கும். அதைப் பாத்துட்டுத்தான் நா தொவைக்கப் போகாம இஸ்திரிக்கு வந்தேன். அது எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவுத்து.

இத்தோட நின்னிருந்தாக் கூடப் பரவால்லீங்க. இன்னிக்குக் காலைல குப்புராசு வந்தான், அவ இருக்கறது தெரியாம, "அண்ணா, நாயி மண்டபத்துல சோறு தின்னு குண்டாயிருக்குமே"ன்னு சிரிச்சுட்டே கேட்டுப்போட்டான். தோட்டமும் போச்சு, பொய்யும் போச்சு. துளசிமணி அழுகவும் இல்ல, வையவும் இல்லீங்க. "அதைக் கூட்டிட்டு வா. இல்லீன்னா இங்க வராத"ன்னு சொல்லிட்டு உள்ள போயித் தாழ்ப்பாப் போட்டுக்கிட்டா. வண்டிய அப்பிடியே மூடிப் போட்டுட்டு வந்தனுங்க. இன்னிக்கு நாப்பத்தெட்டு ஊடும் கசங்குன சட்டைதான் போட்டுட்டுப் போகும், போகட்டும். உசுரோட இருக்குதா இல்லியான்னாச்சும் எனக்குத் தெரியோணும். செத்துருந்தா, எங்க கெடந்துச்சுன்னு சொல்லுங்க, மண்ணாச்சும் அள்ளிப் போட்டுட்டுப் போறேன்.

எதுக்குங்கண்ணா எந்திரிக்கறீங்க? நா பேசுனது தப்பாப் போச்சுங்களா? எங்க கூப்படறீங்க? ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாலயா? அங்க என்னுங்க இருக்குது?

மூணு நாளா? அந்தத் தூணை உட்டு மூணு நாளா நகரலையா? சோறும் திங்கலையா? பொறவு நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்களா?

பவுனுங்க. அண்ணா, அது பவுனுதானுங்க. காது பாருங்க, மடங்கி இருக்குது.

முடி மொளச்சிருக்குதுங்க. வவுத்துல பாருங்க, செகப்பே காணோம். கைச்சந்துல பொறுக்கு உழுந்து பூனைமுடியாட்டம் மொளைக்குது. ஒம்பது நாள்லங்களா? என்ன மருந்துங்கண்ணா போட்டீங்க? எந்த டாக்டருகிட்டக் காட்டுனீங்க? காட்டலையா. அப்ப எண்ணெய் கிண்ணெய் ஏதாச்சும்? உங்க ஊட்டுல இருந்து கொண்டாந்த தயிர்ச்சோறு மட்டுமா. குளிக்க வாத்தீங்களா? அதும் இல்லீங்களா. அப்ப ஒன்னுமே போடலீங்களா? ஒன்னுமே போடலியா, அண்ணா.

பவுனு. வா கண்ணு. இங்க வா சாமி.

வால ஆட்டுதுங்க. ஆட்டுது, ஆனா வர மாட்டேங்குது. நா ஒரு எட்டு வெச்சா அது ரெண்டு எட்டு பின்னால போகுது. என்ற கையவே பாக்குதுங்க. இல்ல கண்ணு, ஒன்னும் இல்ல, வெறுங்கைதான், பாரு. உங்க காலுக்குப் பின்னால போயி நின்னுக்குச்சு. உடுங்கண்ணா, இழுக்காதீங்க. கழுத்தப் புடிச்சு இழுக்காதீங்க. இழுத்து இழுத்துத்தான் இப்பிடி ஆச்சு. அது அங்கயே நிக்கட்டும்.

ஒரு ஒவகாரம் பண்ணுங்க. இது என்ற போனு, துளசிமணிக்குத்தான் மணி அடிக்குது, நீங்களே பேசுங்க. நா சொன்னா இனி நம்ப மாட்டா. நாயி இருக்குது, நல்லா இருக்குது, நீங்க வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுங்க. எப்பிடி ஆறுச்சுன்னு கேப்பா. ஆரும் ஒன்னும் பண்ணலைன்னே சொல்லுங்க. அவ கூப்புட்டா வந்துரும். வண்டிக்கடியில வேண்டாம், ஊட்டுக்குள்ளயே அவகூட இருக்கட்டும். செகரட்டரி என்ன வேணாச் சொல்லட்டும், பூனைக் கதைய அவருகிட்ட நானே சொல்லிக்கறேன். நா துளசிமணி, பவுனு ரெண்டு பேரு பக்கத்துலயும் போகல, அடுத்த பஸ்ஸுல வந்துக்கறேன்.

அதுக்கு இது சோத்து நேரமுங்களா? அதான் தட்டைப் பாக்குது, என்னையப் பாக்குது. வைங்கண்ணா, நீங்க சோத்த வைங்க. நா இங்க நின்னா அது வாய் வெக்காது. நா அந்தப் பஸ் ஸ்டாப்புச் செவுத்துக்குப் பின்னால போயி நின்னுக்கறேன், அங்க நின்னாத் தெரியாது. அது தின்னு முடிச்சதும் எனக்குக் கைய மட்டும் காட்டுங்க.